கடலடியில் எனக்கொரு பங்கு

கப்பலிலிருந்து,
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கடல் மயக்கம் முதல் வாரத்தோடு விட்டுவிட்டது. நீ, அப்பா, உன் வாண்டு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வாண்டுவுக்கு இழுப்பு குறைந்ததா? அதை முதலில் எழுது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. கப்பலில் இணையம் இருக்கிறது. ஆனால் அது கம்பெனியின் இணையம். நாங்கள் எழுதுவதை அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டுத்தான் வெளியே விடுவார். நீ என்னைப் 'பொடிசு' என்று கூப்பிடுவது அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? மாதம் ஒருமுறை காய்கறி கொண்டுவரும் படகு தபாலையும் எடுத்துப்போகிறது. ஒட்டிய உறையை இதுவரை யாரும் பிரிக்கவில்லை.

எனக்கு என்ன வேலை என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாரே, சொல்லிவிடு. கேமராவும் இரண்டு கைகளும் உள்ள ஒரு ரோபோவைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்குகிறோம். அப்பா ஆயுள் முழுக்க லிஃப்ட் ஓட்டிய கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி. இது ஆயிரம் மாடிக்கும் கீழே போகிறது. அங்கே வெளிச்சமே கிடையாது. விளக்கைப் போட்டால் மட்டமான சேற்றுத் தரை, அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து கொட்டிய மாதிரி கறுப்புக் கற்கள். பேட்டரிக்கு வேண்டிய நிக்கலும் கோபால்ட்டும் அந்தக் கல்லில்தான் இருக்கின்றன. கம்பெனிக்கு அது வேண்டும்.

இந்த இடம் எந்த நாட்டு எல்லைக்குள்ளும் இல்லை. சட்டப்படி இந்தத் தரை உலகத்து மனிதர்கள் எல்லோருக்கும் பொது. அதனால் தோண்டுவதற்கு எல்லா நாடுகளும் உட்காரும் கடலடி மன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு முன் அடியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, தோண்டினால் அவை என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். உயிரியல்காரி என்ற முறையில் அதை எழுதிக் கையெழுத்துப் போடப்போவது உன் தங்கை. பள்ளிக்கூடத்தில் என் வீட்டுப்பாடத்தை உன்னை எழுத வைத்தவளுக்கு வந்த வாழ்வைப் பார்!

அப்பாவின் காது மெஷினுக்கு பேட்டரி மாற்று. வாண்டுவுக்கு முத்தம்.

உன் பொடிசு


வீட்டிலிருந்து,
ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். நீ முதலில் கேட்டதை முதலில் சொல்கிறேன். வாண்டுவுக்கு இழுப்பு நின்றுவிட்டது. குறைந்தது என்று எழுதவில்லை, நின்றுவிட்டது என்று எழுதுகிறேன்.

எங்கள் டிப்போவுக்கு மின்சார பஸ் வந்துவிட்டது. நம் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரேதானே டிப்போ? தினமும் காலையில் வரிசையாக நின்று டீசல் வண்டிகள் உறுமும். புகை நேரே நம் படுக்கையறைக்குள் வரும். ஜன்னலைச் சாத்திச் சாத்தி அதன் தாழ்ப்பாளே தேய்ந்துபோனது. இப்போது அதே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தலை பின்னிக்கொள்கிறாள். ஆவி பிடிக்கிற மெஷினைத் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

முதல் புது வண்டியை யார் ஓட்டுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது. சத்தமே கிடையாது. மார்க்கெட் முனையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டு, "பூனை மாதிரி வர்றியே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று திட்டினார். திட்டு வாங்குவதற்கே சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. பேட்டரி மூடியில் உன் கம்பெனி பேர்தான் போட்டிருக்கிறது. நீ கடலில் எடுக்கிற கல்மேல்தான் இனி நான் உட்கார்ந்து ஓட்டப்போகிறேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன்.

கம்பெனியிலிருந்து யாரோ வந்து டிப்போவில் போட்டோ எடுத்தார்கள். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அக்கா


கப்பலிலிருந்து,
ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பரண்மேல் போன மெஷினுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

போன வாரம் தோண்டும் இயந்திரத்தைச் சோதனைக்காக இறக்கினார்கள். லாரி அளவு பெரியது. தரையை உறிஞ்சிக்கொண்டே போகும். அது போவதற்கு முன் ஒருமுறை, போன பின் ஒருமுறை ரோபோவை இறக்கிப் படமெடுத்தோம். முதல் இறக்கத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கறுப்புக் கல்லில் கடற்பஞ்சு ஒன்று தண்டு விட்டு நின்றிருந்தது. அந்தத் தண்டைச் சுற்றி முட்டைகள். முட்டைகளைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளை ஆக்டோபஸ். மெழுகில் செய்த மாதிரி இருந்தது. எங்கள் விளக்கு பட்டும் அது நகரவில்லை. அதைப் போன்ற ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அங்கே பிடித்துக்கொள்ளக் கெட்டியாக இருப்பது அந்தக் கற்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் சேறு.

இரண்டாம் இறக்கத்தில் கல் இல்லை, பஞ்சு இல்லை, அது இல்லை. தடம் இருந்தது. தடத்துக்கு வெளியேயும் வெகுதூரத்துக்குத் தூசி படிந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம் தெரிந்தது. அது யாரோ நாம் பிறப்பதற்கு முன் சோதனைக்காக இழுத்தது. நேற்று இழுத்த மாதிரி அப்படியே இருக்கிறது. நீ ஓட்டுகிறவள், உனக்குப் புரியும். மழையே பெய்யாத, காற்றே வீசாத ஈர மண்ணில் டயர் பதிந்தால் எப்படியோ, அப்படி.

தலைமை விஞ்ஞானியிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் அவர் பேசுவார். கப்பலில் அவர் பெயரே 'கண்ணாடி'தான்.

"முதல் இறக்கம் போதும்மா. ரெண்டாவத அறிக்கையில சேர்க்க வேணாம்."

"தோண்டினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னுதானே சார் அவங்க கேக்கறாங்க?"

"பெரிய பாதிப்பு இல்லன்னு ஒரு வரி எழுது. நானும் உன் வயசுல இப்படித்தான் குதிச்சேன்."

"அப்புறம் எப்ப சார் நிறுத்தினீங்க?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அறிக்கை என் மேஜையில் இருக்கிறது. அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பொடிசு


வீட்டிலிருந்து,
மே 24

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் குறித்துத்தான் கவலை. நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்வது உனக்குப் பிடிக்காது.

அந்த ஆக்டோபஸ் முட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பொடிசு, நானும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருடம், ஆஸ்பத்திரி வராந்தாவில். ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று, வரிசையில் பிள்ளைகள் ஆறேழு. எல்லாம் நம் தெருவும் பக்கத்துத் தெருவும்தான். என் மகள் நெஞ்சுக்கூடு உள்ளே போய் உள்ளே போய் வந்ததை நான் பார்த்தேன். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. எந்தக் கேமராவும் எங்களைப் படமெடுக்க இறங்கி வரவில்லை.

ஒரு வரி எழுதினால் இன்னும் நூறு டிப்போவுக்கு இந்த பஸ் போகும் என்றால் எழுதிவிட்டு வாயேன். யாரும் போகாத, யாரும் பார்க்காத இடத்துப் புழு பூச்சிக்காக நீ ஏன் வேலையைப் பணயம் வைக்கிறாய்? அவர்கள் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்கள். உனக்குத்தான் நஷ்டம்.

கோபப்படாதே. நான் படித்தவள் இல்லை, மனதில் பட்டதை எழுதினேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


கப்பலிலிருந்து,
ஜூன் 20

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே அப்பாவும் வாண்டுவும் நலம்தானே?

இந்த மாதப் படகில் கம்பெனி ஒரு கட்டுச் சுவரொட்டி அனுப்பியிருக்கிறது. சாப்பாட்டு அறையில், மாடிப்படி முனையில், என் ஆய்வுக்கூடத்துக் கதவில், எங்கே திரும்பினாலும் உன் முகம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே கொட்டை எழுத்தில், "என் மகள் மூச்சு விடுகிறாள். நன்றி, ஆழ்கடலே!"

யாரோ வந்து போட்டோ எடுத்தார்கள் என்று எழுதினாயே, அது இதுதானா? வேறு விசேஷம் இல்லை என்று வேறு எழுதியிருந்தாய்.

கண்ணாடி என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"உங்க அக்காவே சம்மதிச்சாச்சு. இனி உனக்கு என்னம்மா?"

"எங்க அக்கா பஸ் ஓட்டட்டும் சார். அறிக்கை நான்தான் எழுதணும்."

"நீ போடலன்னா வேற ஆள் கையெழுத்துப் போடுவாங்க."

"போடட்டும். என் பேர்ல போட முடியாதில்ல?"

பக்கத்து மேஜையில் ரோபோ ஓட்டுகிறவர் இருமுவது போலச் சிரித்தார். இந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் என்னோடு இன்னும் பேசுகிறார். நான் இப்போது ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. பழைய படங்களுக்கு எண் போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை. நீ எழுதியதில் பாதி சரி. வாண்டு மூச்சு விட வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. டீசல் வண்டி திரும்ப வரட்டும் என்று நான் எங்கே சொன்னேன்? அவர்கள் உன்னையும் என்னையும் ஒரு தராசில் எதிரெதிர்த் தட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். உன் மகளா, கடலா என்று நம்மை விட்டே கேட்க வைக்கிறார்கள். எனக்கு அந்தத் தராசின் மேலேயே சந்தேகம்.

ஒரே ஒரு கேள்வி. நகரத்தில் மற்ற டிப்போக்களில் இந்த பஸ் நாலைந்து வருடமாக ஓடுகிறதே, அவற்றில் தீர்ந்துபோன பேட்டரிகள் எங்கே போகின்றன? அந்த நிக்கலும் கோபால்ட்டும் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை அக்கா. பேட்டரி செத்தாலும் உலோகம் உள்ளேயேதான் இருக்கும்.

உன் தங்கை


வீட்டிலிருந்து,
ஜூலை 15

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம்.

போட்டோவுக்கு நின்றது நான்தான். அந்த வாக்கியம் நான் சொன்னதில்லை. பிள்ளைக்கு இழுப்பு நின்றுவிட்டது என்றுதான் சொன்னேன். கடலைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை.

பேட்டரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்கிறேன்.

அக்கா


துறைமுக விடுதியிலிருந்து,
ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு என் வணக்கம்.

விலாசத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். இறக்கிவிட்டுவிட்டார்கள். அறிக்கையை முதல் இறக்கத்தோடு நிறுத்தி, "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று பூசி மெழுகி, கண்ணாடியே கையெழுத்துப் போட்டு மன்றத்துக்கு அனுப்பிவிட்டார். என்னைக் காய்கறிப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். காலிக் கூடைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தேன். ஊருக்கு வரும் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். விடுதியில் நான்கு கட்டில், நான் ஒருத்தி. கீழே சலவைக்கடை. நாள் முழுக்கச் சோப்பு வாசனை.

ரோபோ ஓட்டுகிறவர் என் பெட்டியைப் படகுவரை தூக்கிவந்தார். ஏற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒவ்வொரு இறக்கத்தோட படத்தையும் மன்றத்துக்கு அனுப்பணும்னு விதி இருக்கு. ரெண்டாவது வேணாம்னு வாயால சொன்னாங்க. எழுதிக் குடுங்கன்னேன், குடுக்கல. நான் விதிய மீறாத ஆளு. ரெண்டையும் அனுப்பிட்டேன். அங்க எவனாவது திறந்து பாப்பானாங்கறது எனக்குத் தெரியாது."

ஆக, படம் மன்றத்திடமே இருக்கிறது. அடுக்கோடு அடுக்காக, யாரும் பார்க்காமல். நான் மன்றத்துக்கு எழுதினேன். "கம்பெனி ஊழியர்கள் கம்பெனி வழியாகவே எழுத வேண்டும்" என்று பதில் வந்தது. நான் இப்போது ஊழியரே இல்லை என்று மறுபடி எழுதினேன். "அப்படியானால் தங்களுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள்.

சலவைக்கடையில் கிடந்த செய்தித்தாளில் இன்னொன்றும் பார்த்தேன். "கடலடி மன்றத்தில் பேசப்போகும் பஸ் ஓட்டுநர்." உன் படம். கம்பெனி உன்னை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போகிறதாம். எனக்கு நீ ஒரு வரி எழுதவில்லை.

போ. நான் தடுக்கப்போவதில்லை. உன் மூச்சுக்கும் உன் மகள் மூச்சுக்கும் நீ பேசுவதை நான் யார் வேண்டாம் என்று சொல்ல? அங்கே பேசுவது நீயாக இருந்தால் போதும். சுவரொட்டி எழுந்து நின்று பேசினால் என்னால் தாங்க முடியாது.

பொடிசு


வீட்டிலிருந்து,
செப்டம்பர் 5

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நான் சுகம். காது மெஷின் வேலை செய்கிறது, கேட்கிற விஷயம்தான் சரியில்லை. பேத்தி சுகம், நான் வார்க்கிற தோசை எதுவும் வட்டமாக வருவதில்லை என்று புகார் சொல்கிறாள்.

அக்கா பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. அவள் ஊரில் இல்லை. எங்கே போயிருக்கிறாள் என்று உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே சொல்லவில்லை. உனக்கே தெரிந்திருந்தால் அது என் குற்றமில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று அதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் ஜன்னலிலேயே நின்றாள். பிறகு டிப்போவுக்குப் போனாள். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் கரி. கேட்டேன். "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். பெட்டியில் துணியை அடுக்கினாள். கம்பெனிக்காரர்கள் கொடுத்த பேச்சை ஓர் அட்டையில் அச்சடித்திருந்தார்கள். அதை நிலைக்கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக அவளுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கையில் வேலை இல்லை என்று தலை குனியாதே.

அப்பா


வீட்டிலிருந்து,
செப்டம்பர் 28

அன்புப் பொடிசுக்கு,

நேற்றுதான் வந்தேன். அப்பா சத்தியத்தைக் காப்பாற்றிய லட்சணத்தைச் சொன்னார். நீ நலம்தானே? கோபமாக இருந்தாலும் இதை முழுக்கப் படி.

முதலில் நீ கேட்ட பேட்டரி. டிப்போ எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "எங்களுக்கு வர்றது புதுசு. பழசெல்லாம் மெயின் டிப்போ பின்பக்கம் போகும். அப்புறம் எனக்கும் தெரியாது, வா, போய்ப் பாப்போம்" என்று கூடவே வந்தார். மெயின் டிப்போவின் பின்பக்கம், உடைந்த வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தோம். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். எத்தனை வரிசை என்று கடைசிவரை போய்ப் பார்க்க முடியவில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, சில பெட்டி வெடித்து, கரி கரியாக ஒழுகியிருந்தது. திரும்ப எடுத்துப்போய் உருக்கி உலோகத்தைப் பிரித்தெடுக்கிறோம் என்றுதான் கம்பெனி நகராட்சியிடம் சொல்லி விற்றிருக்கிறது. ஒரு லாரிகூட வந்ததில்லையாம். போனில் கேட்டதற்கு, "பிரிக்கறத விட புதுசா தோண்டறது சுலபம்" என்றார்களாம்.

அங்கே நின்றபோது எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் மகளின் நெஞ்சை வைத்து என் காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்றால் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்காரவும் மனமில்லை, போனால் வாய் திறக்குமா என்றும் நிச்சயமில்லை. உன்னிடம் வீராப்பாக எழுதிவிட்டு அங்கே போய் அட்டையைப் படித்துவிட்டு வந்தால்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

மன்றம் எப்படி இருந்தது தெரியுமா? சினிமா தியேட்டர் மாதிரி சரிவாக நாற்காலிகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பலகை. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. ஓரத்தில் கண்ணாடி அறைகள், அதற்குள் உட்கார்ந்து நாம் பேசுவதை வேறு மொழியில் சொல்கிறார்கள். என் பேச்சுக்கு ஒரு பெண் இருந்தாள். கம்பெனியின் விளம்பரப் பெண் என் தோளில் பூச்சி தட்டுகிற மாதிரி தட்டி, "அட்டையில இருக்கறத மட்டும் படிச்சா போதும்" என்றாள்.

மைக் முன் நின்றேன். முதல் வரியைப் படித்தேன். "நான் ஒரு தாய்." அதுவரை சரி. அடுத்த வரி வாயில் வரவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஐயா, அம்மா, நான் பஸ் டிரைவர். எங்க தெருப் பிள்ளைங்களுக்குப் புகை இல்லாத காத்து வேணும்னு கேட்டது நான்தான். இப்பவும் கேக்கறேன், நாளைக்கும் கேப்பேன். ஆனா கடலத் தோண்டுங்கன்னு நான் கேக்கல. செத்த பேட்டரிய மலையா அடுக்கி மழையில நனைய விட்டுட்டு, புதுசா தோண்ட என் பிள்ளை பேரச் சொல்லி உங்ககிட்ட வந்திருக்காங்க. மொதல்ல அந்த மலையக் கரைக்கச் சொல்லுங்க" என்றேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர்களுக்கு என் தொண்டையைத் தெரியாது. நிற்க இடமில்லாத பஸ்ஸில் கடைசிப் படிக்கட்டுவரை கேட்கக் கத்திப் பழகியவள் நான். அந்தக் கண்ணாடி அறைப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, நேராக என் குரலைக் கேட்டுத் தன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"அடியில என்ன ஆச்சுன்னு என் தங்கச்சி பாத்தா. எழுதக் கூடாதுன்னு அவள எறக்கி விட்டுட்டாங்க. ரெண்டாவது தடவ எடுத்த படம் உங்க கிட்டயேதான் இருக்கு. யாராவது திறந்து பாத்தீங்களா? அந்தத் தரை எல்லாருக்கும் பொதுன்னு உங்க சட்டமே சொல்லுதாமே! அப்ப அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கில்ல? என் மகளுக்கும் இருக்கில்ல? எங்க பங்க நாங்க தர்றதா இல்ல. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

காவலுக்கு இருந்தவர் வந்து கையைப் பிடித்தார். "இருங்க, நானே எறங்கறேன், எனக்கு எறங்கற இடம் தெரியும்" என்று சொல்லி இறங்கினேன். அப்போதுதான் பின் வரிசையில் ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர் எழுந்து மேஜையைத் தட்டினார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். மன்றத் தலைவர் அம்மாள் உரிம முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த உயிரியல்காரியை அழைத்துக் கேட்போம் என்று சொன்னார்.

திரும்பி வருவதற்கான விமானச் சீட்டைக் கம்பெனி ரத்து செய்துவிட்டது. அந்த மொழிபெயர்ப்புப் பெண் தன் வீட்டில் தங்க வைத்து அனுப்பினாள். மீதியை நேரில் சொல்கிறேன்.

போ. போய்ப் பேசு. மே மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடாதே. அதில் இருக்கிற பிள்ளைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பேசு.

உன் அக்கா


மன்றம் இருக்கும் ஊரிலிருந்து,
நவம்பர் 19

என் அக்காவுக்கு,

நலம். அப்பா நலமா? வாண்டு நலமா? நீ எப்படி இருக்கிறாய்?

கூடத்துக்கு வெளியே கம்பெனி வக்கீல் காத்திருந்தார். மரியாதையான மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கப்பல்ல பாத்த எதையும் வெளிய பேச மாட்டேன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"பேசினா வழக்கு வரும். உங்கள எந்தக் கப்பலும் ஏத்தாது."

"தெரியும்."

"அப்புறம் ஏன்மா?"

"நீங்க உள்ள வந்து உக்காந்து பாருங்க சார். பாத்துட்டு அப்புறம் நீங்களே இந்தக் கேள்வியக் கேளுங்க."

உள்ளே போய், உன் கடிதத்திலிருந்துதான் தொடங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தா, ஒரு மெஷின், ஆறேழு பிள்ளைகள். இவர்கள் மூச்சு விட வேண்டும், அதில் பேரம் கிடையாது என்றேன். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி முதல் இறக்கத்தைப் போட்டேன். வெள்ளை ஆக்டோபஸ் முட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடனே இரண்டாவதைப் போட்டேன். படம் ஓடியது. சேறு, தடம், தூசி. மறுபடி சேறு, தடம், தூசி. இருட்டில் யாரோ, "அது எங்கே?" என்று கேட்டார்.

"அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன்.

கண்ணாடி முன் வரிசையில் இருந்தார். அறிக்கையில் இது ஏன் இல்லை என்று தலைவர் அம்மாள் அவரைக் கேட்டார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திரையில் நின்ற சேற்றை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்று வாக்கெடுப்பு. அந்தப் பகுதிக்கு உரிமம் மறுக்கப்பட்டது. விற்ற பேட்டரிகளைத் திரும்ப எடுத்து உலோகத்தைப் பிரித்துக் காட்டாத எந்தக் கம்பெனியும் இனி விண்ணப்பிக்கவே முடியாது என்று ஒரு விதியும் சேர்த்தார்கள். அது உன் மலை, அக்கா. கடல் முழுவதும் தப்பிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. ஒரு துண்டு தப்பியது. மற்ற துண்டுகளுக்கு மற்ற கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன.

வக்கீல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும் வழக்கு நோட்டீஸை என் கையில் கொடுத்தார். "என் வேலைம்மா இது" என்றார். "இது என்னோட வேலை சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். வழக்கு நம் ஊர் நீதிமன்றத்தில்தான் நடக்குமாம்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் நாளைக்கே மறுபடி பேசச் சொன்னால் பேசுவேன்.

உன் பொடிசு


வீட்டிலிருந்து,
டிசம்பர் 8

என் தங்கத்துக்கு,

எல்லோரும் சுகம். வாண்டு சுகமோ சுகம், மாடிப்படியை ஓடியே ஏறுகிறாள்.

உன் கடிதத்தை டிப்போவில் எல்லோருக்கும் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். அடுத்த நாள் நாங்கள் டிரைவர்களும் கண்டக்டர்களும் சேர்ந்து போய் மேலாளர் அறையில் நின்றோம். பின்பக்கத்து மலை காலியாகும்வரை அந்தக் கம்பெனியின் புது பேட்டரி ஒன்றுகூட எங்கள் வண்டியில் ஏறக் கூடாது என்றோம். "பஸ் ஓட்டறவங்களுக்கு இதுல என்ன வேலை?" என்றார். "ஓட்டறது நாங்கதானே?" என்றார் எலக்ட்ரீஷியன். மூன்று நாள் இழுத்தடித்தார்கள். நான்காம் நாள் முதல் லாரி வந்தது. வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியும் ஏறுவதைப் பார்த்தோம்.

எனக்கும் பரிசு கிடைத்திருக்கிறது. புது பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் விரும்பாத ஒரு வழித்தடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். குண்டும் குழியுமான சாலை, இருக்கிறதிலேயே பழைய வண்டி, பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டதாக மேலாளருக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தடம் எந்த வழியாகப் போகிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஏழாவது நிறுத்தம் நீதிமன்றம்.

வாய்தா எத்தனை வந்தாலும் வரட்டும். ஒவ்வொரு தடவையும் என் வண்டியிலேயே வா. எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம். நீதிமன்ற வாசலில் பிரேக் பிடிக்கிற பிடியில் நீதிபதிக்கே நீ வந்தது தெரிய வேண்டும்.

டிக்கெட்டை மட்டும் நீயே எடுத்துவிடு. டிரைவரோட தங்கச்சி ஓசியில் வருகிறாள் என்று ஒருத்தனும் சொல்லக் கூடாது.

அக்கா